தாகத்துக்குப் பழக்கிய கன்றுகள்

மயூர் விஹார், தில்லி
9 ஜூன் 2024

உஷாராணிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பழகிய கை இது. இந்தத் தடவை வேண்டுமென்றே அந்தச் சொல்லை விட்டிருக்கிறேன். வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு எது மறக்கும், எது மறக்காது என்பது உனக்கே தெரியும்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் மலை ஊர் ரெக்காங் பியோவில் பஸ் கிளம்பும்போது நீ ஜன்னலருகே வந்து நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். சிம்லா வரை பக்கத்தில் ஓர் ஆப்பிள் வியாபாரி. தூங்கித் தூங்கி என் தோளில் சாய்ந்தான். ‘பாய் சாஹப், உங்கள் தலை உங்களிடமே இருக்கட்டும்’ என்று ஹிந்தியில் சொன்னேன். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முன்பின் தெரியாதவனுக்கு ஒரு முறை சொன்னால் போதுமாக இருக்கிறது.

நீ அனுப்பும் வாட்ஸப் எதையும் நான் திறக்கவில்லை. போனையும் எடுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. பாளையங்கோட்டைக் கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் இதைவிட அழகாக உன்னைத் திட்ட என்னால் முடியும். ஆனால் ஆங்கிலமென்றால் நீ ஒரே மூச்சில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். தில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒவ்வொரு சொல்லிலும் சற்று நிற்பாய். நிற்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

இங்கே வெயில் ஆளை வறுத்தெடுக்கிறது. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குள் பிடித்து வைத்தால் உண்டு. டாங்கர் வருகிற நாளில் கீழே பெரிய யுத்தம். மூன்றாம் மாடி மிஸஸ் பாட்டியா கல்யாணத்துக்குக் கிளம்பிய பட்டுப் புடவையோடு இறங்கி வந்து குழாயைப் பிடித்து இழுத்தாள். நான் வரிசையில் நின்றேன். வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் நான் ஊரில் இல்லாத நாட்களில் வேலைக்கு வரும் வேலம்மாள் வீட்டைப் பெருக்கிப் பூட்டிப் போனதோடு நிற்காமல், பால்கனித் தொட்டிகளையும் வாட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அரிசி களைந்த தண்ணீரும் பருப்பு களைந்த தண்ணீரும் செடிக்கு என்பது இந்த வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை உன் வீட்டுக்கும் கொண்டு வந்ததுதான் நான் செய்த குற்றம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பின்னால் நீ வேறு விதமாகச் சொல்லக் கூடாது.

ஏப்ரலில், பனி உருகியதும், உன் ஆராய்ச்சி நிலையத்துக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் சில்கோஜா பைன் கன்றுகளை நட்டாய். கீழ் வரிசை முழுவதும் அப்பாவின் பெயரில் என்று சொன்னாய். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. கரோல் பாகில் குடியிருந்தபோது குளிர்காலம் வந்தால் ஆபீஸ் விட்டு வரும் வழியில் சில்கோஜாக் கொட்டைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவார். கோட்டுப் பையில் வருஷம் முழுவதும் ஓடு கிடக்கும். யார் யார் பெயரிலோ வேப்பமரமும் அரசமரமும் வைக்கிறார்கள், இவள் அவருக்குத் தகுந்ததை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நீ கூப்பிட்டாய். மே மாதம் வந்தேன்.

வந்து பார்த்தால் விரல் நீளக் கன்றுகள். ஊசியிலைகள் சாம்பல் பூத்து, நிறம் செத்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போல இருந்தன. குளிர்காலத்தில் பனி சரியாகப் பெய்யவில்லை, மண்ணில் ஈரமே இல்லை என்று நீயே சொன்னாய். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் குழாய் இருக்கிறது. ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்டேன். ‘விடக் கூடாதும்மா. அதெல்லாம் தாங்கிக்கும்’ என்றாய்.

இதே சொல்லைப் போன டிசம்பரில், ஆஸ்பத்திரியில், அப்பாவின் கட்டிலருகே நின்றும் நீ சொன்னாய். பக்கவாதம் வந்து படுத்தவருக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது, வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்று டாக்டர்கள் தலைமாட்டில் அட்டை மாட்டியிருந்தார்கள். பேச்சு போய்விட்டது. ஆனால் கை இருந்தது. கட்டைவிரலை உதட்டுப் பக்கம் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். எந்த நாட்டு டாக்டருக்கும் அது புரியும். நான் என் பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். ஒரே ஒரு ஸ்பூன். வார்டில் அத்தனை பேர் பார்க்க நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். ‘அம்மா, தண்ணி நுரையீரலுக்குப் போயிடும். அப்பா தாங்கிக்குவார்’ என்றாய். பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாய். உதட்டைத் துடைப்பதற்குப் பெயர் தண்ணீர் கொடுப்பதல்ல. மறுநாள் காலை டாக்டர்கள் சுற்றி வருமுன் அவர் போய்விட்டார், தாகத்தோடு.

இப்போது சொல், நீ சிம்லாவுக்கு மீட்டிங் என்று கிளம்பிப் போன பிறகு, அவர் பெயர் எழுதிய தகரம் குத்தியிருக்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரும், போதாததற்குக் குழாய்த் தண்ணீரும், கன்றுக்கு ஒரு மக் ஊற்றினேன். மேல் வரிசைகளுக்கு என் முழங்கால் ஏறவில்லை. இல்லாவிட்டால் அவற்றுக்கும் ஊற்றியிருப்பேன். நீ திரும்பி வருவதற்குள் கீழ் வரிசையில் இளம்பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. அதை உனக்குக் காட்டக் காத்திருந்தேன்.

நீயோ வேலையாட்கள் முன்னால் என் கையிலிருந்து மக்கைப் பிடுங்கினாய். ‘பஸ் கரோம்மா, போதும்! வருஷக்கணக்கா வளர்த்து, தாகத்துக்குப் பழக்கின கன்னு இது! எல்லாத்தையும் கெடுத்துட்டே!’ என்று கத்தினாய். தாகம் என்று கேட்ட மனிதருக்கே கொடுக்காதவள், செடிக்கா கொடுக்கப் போகிறாய் என்று நான் கேட்டேன். கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

ஆகவே என் முடிவு. டிசம்பரில் அப்பாவின் தலைத் திவசம் வருகிறது. வீட்டில் ஆண் பிள்ளை இல்லை என்பதால் போன வருஷம் காரியங்களைச் செய்த ஜெயசீலனே இதையும் செய்வான். உன் சித்தப்பா மகன் படிப்பில் மந்தம். ஆனால் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னால் இறைப்பான், ஏன் கூடாது என்று பாடம் நடத்த மாட்டான். நீ வர வேண்டாம். அவருக்கு இனிமேல் போய்ச் சேரப் போகிற தண்ணீராவது, கொடுக்க மனமுள்ள கையிலிருந்து போகட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் வீட்டில் துவரம்பருப்பில் வண்டு இருக்கிறது. வெயிலில் காய வை.

இப்படிக்கு,
தங்கம் ஜோதிலிங்கம்

மயூர் விஹார், தில்லி
21 ஆகஸ்ட் 2024

உஷாராணிக்கு,

உன் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்து, கையெழுத்து மட்டும் பேனாவில் போட்டிருக்கிறாய். நான் உன் மேலதிகாரி என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அதற்கேற்பவே பதில் எழுதுகிறேன்.

இங்கே ஒருவழியாக மழை பெய்தது. போன மாதம் வரை தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொசைட்டி செயலாளரைத் திட்டுகிறார்கள். லிஃப்ட் ஓடவில்லை. வேலம்மாள் படி ஏறி வந்து, ‘தில்லிக்காரங்களுக்கு சாமி எதைக் குடுத்தாலும் அளவு தெரியாமத்தாம்மா குடுக்குது’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். எனக்கு இடது முழங்கால் வீங்கி, பிறகு தானே வடிந்தது. இது தகவலுக்கு மட்டும், விசாரிக்க வேண்டியதில்லை.

உன் பாடத்தை இரண்டு முறை படித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறாய். எழுத்துச் சுத்தம் என்னிடமிருந்து வந்தது. நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்.

நர்சரிப் பையில் வளர்ந்த கன்றை எடுத்து மலையில் நட்டால், அதன் வேர் பையின் வடிவத்திலேயே கொஞ்ச நாள் சுருண்டு கிடக்கும். சுற்றிலும் மண்ணில் ஈரமிருந்தாலும் அதைக் குடிக்கத் தெரியாது. புது வேர் வெள்ளையாகக் கிளம்பி, பக்கத்து மண்ணைப் பிடித்து, கீழே இறங்கினால்தான் அது பிழைத்ததாக அர்த்தம். அதுவரை உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஊசியிலையில் இருக்கும் நுண்ணிய வாய்களை மூடிக்கொள்கிறது. வாயை மூடினால் தண்ணீர் வெளியே போகாது, ஆனால் சாப்பாடும் உண்டாகாது. ஆகவே பட்டினி கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் செத்தது போலத் தெரிகிறது. இதற்காகத்தான் நர்சரியிலேயே கடைசிப் பருவத்தில் தண்ணீரைக் குறைத்து, தாகத்துக்குப் பழக்கி, உயரத்தைக் கட்டுப்படுத்தி, வேரைப் பெருக்கி அனுப்புகிறாய். அந்தச் சமயத்தில் என்னைப் போல ஒரு கிழவி வந்து தினமும் மேலாக ஒரு மக் ஊற்றினால், வேர் கீழே இறங்காமல் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். நல்ல காலம் வந்துவிட்டதென்று ஏமாந்து இளசாகத் துளிர் விடும். தண்ணீர் நின்ற அன்றைக்கு அந்தத் துளிர்தான் முதலில் காயும், பிறகு கன்றே போகும்.

புரிந்தது. கான்வென்டில் தாவரவியலில் நான்தான் முதல் மாணவி.

புரிந்ததால்தான் கேட்கிறேன். அந்தப் பாடத்தின்படி கீழ் வரிசை ஜூன் மாதமே காய்ந்திருக்க வேண்டுமே! கடைசிப் பத்தியில், போகிற போக்கில், ‘அப்பா வரிசை இன்னும் பச்சையாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். காரணம் எழுதவில்லை. நான் சொல்லவா? தண்ணீர். வேறொன்றும் இல்லை.

அதையும் விடு. உன் கன்று தாகத்தைப் பழகட்டும். நீ சொல்வதுபோல அதற்கு முன்னால் பல நூறு வருஷங்கள் இருக்கின்றன. இன்றைக்குப் பட்டினி கிடந்தால் என்றைக்கோ காய்க்கும். உன் அப்பாவுக்கு அப்படி என்ன இருந்தது? எண்பத்தொரு வயது மனிதருக்கு ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தது. எந்த மலையில் கொண்டுபோய் நடுவதற்காக அவரைப் பழக்கினாய்? வாழப் போகிறவர்களுக்கு வைத்திருக்கும் சட்டத்தைப் போகிறவர்மேல் போட்டாய். விஞ்ஞானத்தில் அது என்ன பிழை என்று எனக்குத் தெரியாது. நம் வீடுகளில் அதற்குப் பெயர் உண்டு, எழுத மனமில்லை.

இத்தனை பக்கம் பைன் வேரைப் பற்றி எழுதிய நீ, அந்த ஸ்பூனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கவனித்தேன்.

திவச ஏற்பாடுகள் நடக்கின்றன. ஜெயசீலன் நொய்டாவிலிருந்து வந்தான். ‘பெரியம்மா, ஐயரை வீடியோ காலில் வச்சுக்கலாமா? ஆபீஸ்ல லீவு தர மாட்டேங்குறான்’ என்று கேட்டான். ‘உன் பெரியப்பா உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தபோது வீடியோவிலா அலைந்தார்’ என்று அவனைக் கேட்டேன். ‘அச்சா, அச்சா, வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டு மூன்று தோசை சாப்பிட்டான். வாழை இலையும் நல்லெண்ணெயும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நானே போய்ப் பார்த்து வாங்குவேன். அவனிடம் விட்டால் பாக்கு மட்டைத் தட்டில் படைப்பான்.

நீ வர வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ‘ஐ வுட் லைக் டு பி ப்ரெசென்ட்’ என்று எழுதியிருக்கிறாய். அலுவலகக் கூட்டத்துக்கு எழுதுகிற வாக்கியம் அது. அனுமதி இல்லை.

உன் வீட்டு அடுப்பங்கரை ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. குளிர் தொடங்குமுன் தச்சனைக் கூப்பிடு.

இப்படிக்கு,
தங்கம் ஜோதிலிங்கம்

மயூர் விஹார், தில்லி
17 நவம்பர் 2024

உஷாராணிக்கு,

உன் ஜூனியர் மஞ்சு நேகி தில்லிக்குப் பயிற்சிக்கு வந்தவள், நேற்று இங்கே வந்திருந்தாள். நீ அனுப்பவில்லை என்று சத்தியம் செய்தாள், நம்புகிறேன். நீ அனுப்பியிருந்தால் அவள் இவ்வளவு பேசியிருக்க மாட்டாள். ஊரெங்கும் புகை. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. அந்தப் பெண் மூன்று மெட்ரோ மாறி, இருமிக்கொண்டே, ஒரு மூட்டை ராஜ்மாவையும் ஆப்பிளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆகையால் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். வேலம்மாள் ஊற்றிய சாம்பாரை அவள் டம்ளரில் வாங்கிக் குடித்தாள். அதை மன்னித்தேன்.

காப்பி முடிவதற்குள் உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

நான் பஸ் ஏறிய அன்று சாயங்காலமே நீ வாளியை எடுத்தாய் என்றாள். ஜூன் முழுக்க, மழை எட்டிப் பார்க்கிற வரைக்கும், நான் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு கன்றுக்கும் நீயே ஊற்றினாய். வேலையாட்களைத் தொட விடவில்லை. மேலாக ஊற்றாமல், வேருக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழாய் செருகி, கீழே இறங்கும்படி ஊற்றினாய். பிறகு நாளுக்கு நாள் இடைவெளி விட்டு, அளவைக் குறைத்து, அவற்றுக்குத் தாகத்தை முதலிலிருந்து பழக்கினாய். நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். தண்ணீரே கூடாது என்று ஊர் ஊராகப் பேசப் போகும் மேடம் வாளி தூக்குகிறார்கள் என்று. மஞ்சுவே கேட்டாளாம், மேடம், உங்கள் தியரி எங்கே போச்சு என்று. அதற்கு நீ, ‘அம்மா ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தினா செத்துடும்’ என்று சொன்னாயாம்.

அப்படியென்றால் ஆகஸ்டில் நான் எழுதிய பதில் உன்னைச் சிரிக்க வைத்திருக்கும். காரணம் தண்ணீர் என்று நான் பெருமையடித்தபோது, அந்தத் தண்ணீரைத் தூக்கிய தோள் உன்னுடையது. நீ ஒரு வரி எழுதி என் வாயை அடைத்திருக்கலாம். எழுதவில்லை. இந்த அழுத்தம் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். உன் அப்பாவிடமிருந்து அல்ல.

அக்டோபரில் கமிட்டி வந்து பார்த்ததையும் மஞ்சு சொன்னாள். மேல் வரிசைகளில், ஒரு சொட்டுத் தண்ணீர் காணாதவற்றில், பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. ஒன்றைத் தோண்டிப் பார்த்தார்களாம். மேலே விரல் நீளம், கீழே வேர் கை நீளத்துக்கும் மேல். கீழ் வரிசையில் பாதிக்குச் சற்று மேல்தான் நிற்கிறது. அத்தனை வாளிக்குப் பிறகும். அந்த வரிசையைப் பற்றிக் கேட்டபோது, அது ஆராய்ச்சியில் சேராது, குடும்பத்து வரிசை, என்று சொல்லிவிட்டாயாம். யார் தண்ணீர் ஊற்றியது, ஏன் ஊற்றியது என்று சொல்லவில்லையாம்.

பைன் விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது பைனுக்காக அல்ல. மஞ்சு கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ‘ஆண்ட்டிஜி, அடுத்த தடவை வரும்போது குளியலறைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடங்கள், அங்கிள்ஜிக்காகப் போட்டது வீணாகக் கிடக்கிறது’ என்றாள். எந்தக் கைப்பிடி என்று கேட்டேன். மே மாதம் நானும் அதைப் பார்த்தேன். உன் வீட்டுக் குளியலறையிலும், வாசற்படியிலும், வராந்தா முழுக்கவும் தேவதாரு மரத்தில் இழைத்துப் போட்டிருந்தது. எனக்காகப் போட்டிருக்கிறாய் என்று நினைத்து, நான் இன்னும் நொண்டியாகவில்லை என்று உன்னிடம் எரிந்து விழுந்தேன். நீ அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய்.

அது டிசம்பரில் போட்டதாம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ போனில் தச்சனிடம் அளவு சொன்னாயாம். ஏப்ரலில் அவரை அழைத்து வருகிறேன், அதற்குள் நடந்து பழக இடம் வேண்டும் என்றாயாம். எனக்கு நினைவிருக்கிறது. வார்டுக்கு வெளியே நின்று நீ ஹிந்தியில் யாரிடமோ உயரம், அகலம் என்று பேசிக்கொண்டிருந்தாய். தகப்பன் சாகக் கிடக்கிறான், இவள் ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் அதையும் உன் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

மஞ்சு போன பிறகு வேலம்மாள் விளக்குப் போட்டாள், அணைக்கச் சொன்னேன்.

நேராகவே எழுதுகிறேன், சுற்றி வளைக்கும் பழக்கம் எனக்கில்லை. நான் ஸ்பூனை எடுத்தபோது அவர் போய்விடுவார் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஐம்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்த மூச்சின் சத்தம் தெரியும். போகிறவருக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தபோது, அவர் பிழைப்பார் என்று நினைத்துப் பிடித்தாய். அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற நம்மில் அவரை அனுப்பத் தயாராக இருந்தவள் நான். விட மாட்டேன் என்றவள் நீ. அதை ஒரு வருஷமாக நான் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. நான் நினைத்ததுதான் நடந்தது. அவர் போய்விட்டார், தாகத்தோடுதான் போனார். மறுபடி அதே வார்டில் நிற்க நேர்ந்தால் மறுபடியும் ஸ்பூனை எடுப்பேன். நீயும் மறுபடி என் கையைப் பிடிப்பாய் என்று நினைக்கிறேன். இதில் உனக்கும் எனக்கும் சமாதானம் ஏற்படும் என்று தோன்றவில்லை. ஏற்பட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

ஆனால் கொடுக்க மனமில்லாத கை உன்னுடையது என்று படும்படி எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். தலைத் திவசம் டிசம்பர் நடுவில் வருகிறது. தேதியை வேலம்மாள் மகன் உனக்குப் போனில் அனுப்புவான். நீ முன்கூட்டியே வந்துவிடு. இறைக்கப் போவது ஜெயசீலன் அல்ல, நீ. இன்று காலை அவனிடம் சொல்லிவிட்டேன். ‘பொம்பளப் பிள்ளை எப்படிப் பெரியம்மா? ஊர்ல என்ன சொல்வாங்க?’ என்று இழுத்தான். எந்த ஊரில் என்று கேட்டேன். அவன் பிறந்தது இதே தில்லியில், சப்தர்ஜங்கில். பிறகு, லீவு போட வேண்டாமா என்று கேட்டான். வேண்டாம், சாப்பிட மட்டும் வா என்றேன். மனிதனுக்கு எவ்வளவு நிம்மதி! வருகிற ஐயரும் முதலில் தலையைச் சொறிந்தார். ஒரே குழந்தை, மகள், அவள் செய்வாள், உங்களுக்கு இஷ்டமில்லையென்றால் கரோல் பாகில் வேறு ஐயர் இருக்கிறார் என்றேன். நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வராதே, கார் வைத்துக்கொண்டு வா. புகை உனக்கு ஒத்துக்கொள்ளாது, முகமூடி போட்டுக்கொள். அன்று நூல் புடவை கட்ட வேண்டும். உன்னிடம் இருக்காது, நான் எடுத்து வைத்திருக்கிறேன். மந்திரத்தை ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும். தப்பாகச் சொன்னால் நான் திருத்துவேன், முகத்தைத் தூக்கக் கூடாது. வந்த இடத்தில் என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் திவசம் முடிந்த பிறகு போடலாம். நான் தயார்.

எள்ளைக் கையில் வைத்து, கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்துத் தண்ணீர் விட வேண்டும். மூன்று தடவை என்று ஐயர் சொல்வார். அவர் கணக்கு அது. எவ்வளவு விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். போதும் என்று உனக்குத் தோன்றுகிற வரைக்கும் ஊற்று.

நீண்ட ஆயுளோடு இரு.

தங்கம் ஜோதிலிங்கம்